மின் நிலையம் கலைக்கூடமான வரலாறு

ஒரு கட்டடத்தின் தொழில் முடிவதும் அதன் உடல் அழிவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஆட்சி மாறினால் அரண்மனை வெறுமையாகிறது. ஆயினும் தூண்கள் நிற்கின்றன. வாணிகம் இடம்பெயர்ந்தால் பண்டகசாலை பூட்டப்படுகிறது. ஆயினும் கூரை நிற்கிறது. இவ்வாறு நின்றுவிட்ட தூணையும் கூரையையும் என்ன செய்வது என்னும் வினா ஒவ்வொரு தலைமுறைக்கும் எழுகின்றது. அரண்மனைக்கு விடை காண்பது எளிது. அதன் பழைமையும் அழகும் அதற்காகப் பரிந்து பேசும். ஆனால், புகையும் எண்ணெயும் படிந்த ஒரு தொழிற்சாலை தன் வேலையை இழந்து நிற்கும்போது, அதற்காகப் பரிந்து பேசுவார் யார்? இந்த வினாவிற்கு ஒரு பெருநகரம் கண்ட விடையை உங்கள் முன் வைப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

அந்த நகரம் இலண்டன். அந்தக் கட்டடம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பாங்க்சைடு என்னும் பகுதியில் உள்ள பழைய மின் நிலையம். 2000 ஆம் ஆண்டு முதல் அது ‘டேட் மாடர்ன்’ என்னும் பெயரோடு இக்காலக் கலைக்கூடமாக விளங்கி வருகின்றது. 2022 ஆம் ஆண்டுக் கோடையில் அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. முன்பு என்னிடம் பயின்று, இப்போது அந்நாட்டில் மின்பொறியாளராகப் பணியாற்றும் ஒருவர் என்னை அங்கு அழைத்துச் சென்றார். ஓவியக் கலையைப் பற்றி உரையாற்றும் தகுதி எனக்கில்லை. பல்லாண்டு வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கட்டடத்தையே ஓர் ஏட்டுச் சுவடியைப் போலப் படித்துப் பார்த்தேன். கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் என்று எண்ணிவிடாதீர்கள். செங்கல்லும் சான்று, சாளரமும் சான்று, ஒரு புகைபோக்கியின் உயரமும் சான்று.

முதலில் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தேம்ஸ் ஆற்றின் வடகரையில், மின் நிலையத்திற்கு நேர் எதிரே, தூய பவுல் பேராலயம் நிற்கின்றது. 1666 ஆம் ஆண்டில் இலண்டனை எரித்த பெருந்தீயில் பழைய ஆலயம் அழிந்தது. அதன் பின், கிறிஸ்டோபர் ரென் என்னும் பேரறிஞர் வகுத்த திட்டப்படி 1675 இல் தொடங்கி எழுப்பப்பெற்றது இன்றைய ஆலயம். அதன் கவிகை மாடத்தின் உயரம் 111 மீட்டர். செல்வமும் சமயமும் வடகரையில் அரசோச்ச, தென்கரையின் நிலை வேறாக இருந்தது. நகர ஆட்சியினரின் அதிகாரம் முழுமையாகச் செல்லாத பகுதி அது. எனவே, நகரம் வேண்டாமென்று ஒதுக்கியவை எல்லாம் ஆற்றைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தன. கரடிகளின் மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் களங்கள் இருந்தன, நாடகக் கொட்டகைகள் இருந்தன, சிறைகளும் இருந்தன. சேக்சுபியரின் நாடகங்கள் நடிக்கப்பெற்ற ‘குளோப்’ அரங்கு 1599 இல் தோன்றியதும் இப்பகுதியிலேதான். பின்னர்ப் பண்டகசாலைகளும் தொழிற்கூடங்களும் ஆற்றங்கரையில் நெருங்கி எழுந்தன. 1891 இல் நிலக்கரியை எரிக்கும் மின் நிலையம் ஒன்றும் பாங்க்சைடில் அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்தில் மின்சாரத் தட்டுப்பாடு பெரிதாயிற்று. 1947 ஆம் ஆண்டின் கடுங்குளிரில் நிலக்கரி போதாமல் ஆலைகள் நின்றன, வீடுகள் இருண்டன. அந்த ஆண்டிலேதான் பாங்க்சைடில் பெரியதொரு புதிய மின் நிலையம் அமைக்க அரசு இசைவளித்தது. உடனே எதிர்ப்பும் எழுந்தது. அதனை வெறும் பழைமைப் பற்று என்று தள்ளிவிடலாகாது. 1940 டிசம்பர் 29 ஆம் நாள் இரவு செருமானிய விமானங்கள் இலண்டன்மீது தீக்குண்டுகளைப் பொழிந்தபோது, சுற்றிலும் எரிந்துகொண்டிருந்த வீதிகளுக்கு நடுவே பேராலயத்தின் மாடம் மட்டும் புகைக்கு மேலே அழியாமல் நின்ற காட்சி மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. பகைவரின் தீக்குத் தப்பிய மாடத்தை நம்முடைய புகைக்கே இரையாக்குவதா என்று அவர்கள் கேட்டார்கள். மறுபுறம், விளக்கில்லாத வீட்டில் குளிரில் நடுங்குபவர்க்கு மின்சாரம் வேண்டாமா என்று அரசினர் கேட்டனர். இரு கேள்விகளும் நியாயமானவையே.

இந்த வழக்கு எவ்வாறு தீர்ந்தது என்பதைக் கட்டடமே இன்றும் கூறுகின்றது. திட்டத்தை வரையும் பொறுப்புச் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. லிவர்ப்பூல் பேராலயத்தை வகுத்தவர் அவர். இங்கிலாந்தின் தெருக்களில் நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டை உருவாக்கியவரும் அவரே. புகைபோக்கிகள் பல எழாதவாறு எல்லாவற்றையும் நடுவில் ஒரே கோபுரமாக அவர் இணைத்தார். அதன் உயரம் 99 மீட்டர். பேராலய மாடத்தைவிட 12 மீட்டர் குறைவு. ‘நீ உயர்ந்தே இரு, நான் தாழ்ந்தே நிற்கிறேன்’ என்று தொழில் சமயத்திற்குக் கொடுத்த வாக்குறுதி அந்த 12 மீட்டர் எனலாம். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரிக்கப்பட்டது. புகையிலுள்ள கந்தகத்தைத் தேம்ஸ் நீரால் கழுவி வெளியேற்றும் ஏற்பாடும் செய்யப்பட்டது. கழுவிய நீர் எங்கே சென்றது? மீண்டும் ஆற்றுக்கே சென்றது. வானுக்குப் போகவேண்டிய அழுக்கு நீருக்குப் போயிற்று! ஒரு துன்பத்தை நீக்குகிறோம் என்று அதனை வேறிடத்தில் இறக்கிவைக்கும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று என்பதை இதனால் அறியலாம்.

புகைக்கு அஞ்சியவர்கள் வீணாக அஞ்சவில்லை என்பதையும் வரலாறு விரைவில் மெய்ப்பித்தது. 1952 இல் மின் நிலையத்தின் மேற்குப் பாதி இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர்த் திங்களில், வீடுகளிலும் ஆலைகளிலும் எரித்த நிலக்கரியின் புகை மூடுபனியோடு கலந்து, சில நாட்கள் இலண்டனைப் போர்த்தியது. பகலில் வழி தெரியாமல் மக்கள் தடுமாறினர். நான்காயிரம் பேருக்கு மேல் மாண்டனர். அந்த இழப்பின் விளைவாகவே 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

கட்டடத்தின் வாயிலை நாங்கள் அணுகியபோது, என் மாணவர் அதன் பழைய தொழிலை எனக்கு விளக்கினார்.

“ஐயா, எண்ணெய் ஆற்று வழியாக வந்தது. நிலத்தடியில் மூன்று பெருந்தொட்டிகளில் அதைச் சேமித்தார்கள். கொதிகலனில் அதை எரித்து, நீரை நீராவியாக்கி, அந்த ஆவியால் டர்பைன் என்னும் சுழலிகளைச் சுழற்றினார்கள். நாம் இப்போது நுழையப்போவது சுழலிகள் இருந்த கூடம்” என்றார்.

“தம்பி, இத்தனை பெரிய ஏற்பாடு எத்தனை ஆண்டு நடந்தது?” என்று கேட்டேன்.

“இருபத்தொன்பது ஆண்டுகள்தாம், ஐயா.”

எனக்கு வியப்பாக இருந்தது. கிழக்குப் பாதி 1963 இல்தான் முற்றுப்பெற்றது. ஸ்காட் 1960 இலேயே காலமாகிவிட்டார். தாம் வரைந்த கட்டடத்தின் முழு உருவத்தை அவர் கண்ணால் காணவில்லை. பத்தாண்டு கழிந்தது. 1973 இல் மேற்காசியப் போரை ஒட்டி உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. எண்ணெயை நம்பி எழுந்த நிலையத்திற்கு அது பேரிடியாயிற்று. 1981 இல் அது மூடப்பட்டது. எதிர்க்கரைப் பேராலயம் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்க, அதற்கு நிகராக நாற்பத்திரண்டு இலட்சம் செங்கற்களால் எழுப்பிய தொழிற்கோயில் ஒரு மனிதனின் பணிக்கால அளவுகூட வாழவில்லை.

ஆலை ஒன்று மூடப்படுதல் என்பது பொறி நிற்பது மட்டுமன்று. இலண்டனின் பழைய கப்பல் துறைகளும் 1967 முதல் 1981 வரை ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. மூட்டை சுமந்தவர்களும் கொதிகலன் காத்தவர்களும் வேலையிழந்தனர். ஆற்றங்கரையில் வெறுமையான கட்டடங்கள் பெருகின. பாங்க்சைடு நிலையத்தை இடித்துவிட்டு அந்நிலத்தை வேறு வகையில் பயன்படுத்தலாம் என்பாரும் இருந்தனர். அதனைக் காக்கவேண்டும் என்பாரும் இருந்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் அக்கட்டடம் இன்னது ஆகும் என்று உறுதியின்றி நின்றது.

இங்கே நம் கதையில் மற்றொரு பாத்திரம் நுழைகின்றது. அது டேட் என்னும் கலை நிறுவனம். என்றி டேட் என்பவர் லிவர்ப்பூலில் சர்க்கரை ஆலை நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தம் ஓவியங்களையும் பெரும்பொருளையும் நாட்டுக்கு அளித்து, 1897 இல் இலண்டன் மில்பேங்கில் ஒரு கலைக்கூடம் திறக்கக் காரணமானார். அது எழுந்த இடம் எது தெரியுமா? ஒரு பழைய சிறைச்சாலையின் நிலம்! அதன்பின், 1988 இல் லிவர்ப்பூலில் இந்நிறுவனம் திறந்த கிளை ஒரு கப்பல்துறைப் பண்டகசாலையில் அமைந்தது. 1993 இல் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் திறந்த கிளை, பழைய எரிவாயு ஆலையின் நிலத்தில் எழுந்தது. இறுதியாக மின் நிலையம். சிறை, துறைமுகம், எரிவாயு ஆலை, மின் நிலையம் என்னும் இவ்வரிசையை நோக்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்து எவற்றால் இயங்கியதோ, எவற்றைப் பிறகு கைவிட்டதோ, அவற்றின் பட்டியலாகவே இது அமைந்துவிட்டது.

சர்க்கரை என்னும் சொல்லையும் நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் ஆங்கிலேயப் பேரரசில் 1834 இல் நடைமுறைக்கு வந்தபோது என்றி டேட் சிறுவர். அவர் அடிமைகளை உடையவர் அல்லர். எனினும், கரும்பு விளைந்த உலகம் அடிமைகளின் உழைப்பால் அமைந்தது என்பதையும், தன் தொடக்கத்தை அந்த வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது என்பதையும் அந்நிறுவனமே வெளிப்படையாகக் கூறியிருக்கின்றது. அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போது ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் யாவர்? நம் நாட்டவர். 1834 முதல் மொரீசியசுக்குச் சென்றனர். 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்பு வயல்களுக்கு முதல் இந்தியத் தொழிலாளரை ஏற்றிச் சென்றது. தமிழர் பலர் அவ்வாறு சென்றனர். ஆகவே, சர்க்கரையின் வரலாறு எங்கோ நடந்த அயலார் கதை அன்று. அதில் நம் முன்னோரின் வியர்வையும் உண்டு.

1994 இல் டேட் நிறுவனம் பாங்க்சைடைத் தன் புதிய இல்லமாகத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. கட்டடக் கலைஞர்களுக்கு அனைத்துலகப் போட்டி வைக்கப்பட்டது. வென்றவர்கள் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தைச் சேர்ந்த ஜாக் ஹெர்ட்சோக், பியர் டெ மெரோன் என்னும் இருவர். பழைய கட்டடத்தின் உருவத்தையும் தன்மையையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்ததே அவர்களுடைய திட்டத்தின் சிறப்பு. புகைபோக்கி நின்றது, செங்கற் சுவர் நின்றது, ஆலயச் சாளரம் போன்ற நெடிய சன்னல்கள் நின்றன. மேலே இரண்டடுக்குக் கண்ணாடி மாடம் ஒன்று மட்டும் சேர்க்கப்பட்டது. உள்ளே பொறிகளை அகற்றி, ஒருபுறம் காட்சி அறைகளை அடுக்கினர். இந்தப் பணிக்கு ஆன செலவு 13 கோடியே 40 இலட்சம் பவுன். 2000 மே 11 இல் எலிசபெத் அரசியார் அதனைத் திறந்துவைத்தார். அன்றும் கட்டடத்தின் தென்பகுதியில் மின் பகிர்மான நிலையம் ஒன்று இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

மேற்கு வாயிலில் நுழைந்ததும் தளம் சரிவாகக் கீழே இறங்குகின்றது. இறங்கி நின்று தலை நிமிர்ந்தால், 35 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 150 மீட்டர் நீளமும் உள்ள வெற்றிடம் நம்மைச் சூழ்கின்றது. இரும்புத் தூண்கள் வரிசையாக மேலே செல்கின்றன. பொறிகளைத் தூக்கிய பாரந்தூக்கி இன்னும் தலைக்குமேல் இருக்கின்றது. நான் சென்ற நாளில் சிறுவர்கள் அச்சரிவில் ஓடி விளையாடினர்; முதியவர் சிலர் தரையிலேயே அமர்ந்து இளைப்பாறினர். நுழைவுக் கட்டணம் கேட்பாரில்லை. நிலையான காட்சிகளை எவரும் இலவசமாகக் காணலாம். சுழலிகளின் பேரொலியில் ஒருவர் சொல் மற்றொருவருக்குக் கேட்காதிருந்த அவ்விடத்தில், ஒரு குழந்தை தன் தாயை அழைத்த குரல் மறுகோடிவரை சென்று எதிரொலித்தது.

இந்தக் கூடம் வெறுமையாக இருப்பதே கலைஞர்க்கு ஓர் அறைகூவல் ஆயிற்று. 2000 இல் முதன்முதலாக இங்கே தம் படைப்புகளை வைத்தவர் லூயிஸ் பூர்ஷ்வா என்னும் மூதாட்டி. அப்போது அவருக்கு வயது 88. ஒன்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த எஃகுச் சிலந்தி ஒன்றைச் செய்து, ‘அம்மா’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை அதற்கு இட்டார். சிலந்திக்கு அம்மா என்று பெயரா என்று நீங்கள் திகைக்கலாம். அவருடைய பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுது பார்க்கும் தொழிலினர். கிழிந்ததை எறியாமல் இழை கோத்துச் செம்மை செய்த தாயையே, வலையைப் பொறுமையோடு பின்னும் சிலந்தியில் அவர் கண்டார். இடிக்கப்படாமல் செப்பனிடப்பட்ட கட்டடத்தின் முதற்காட்சியாக இதைவிடப் பொருத்தமானது வேறு எது?

2007 இல் கொலம்பியா நாட்டுக் கலைஞர் டோரிஸ் சால்சேடோ என்னும் அம்மையார் சிலையோ ஓவியமோ வைக்கவில்லை. கூடத்தின் தரையிலேயே 167 மீட்டர் நீளத்திற்கு ஒரு பிளவை உண்டாக்கினார். அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்க்கும் பிறர்க்கும் இடையே உள்ள பிளவை, இனவேற்றுமை என்னும் பிளவை, அது குறித்தது. காட்சி முடிந்ததும் அதனைச் சாந்திட்டு மூடினர். ஆனால் மூடிய தழும்பு மறையவில்லை. என் மாணவர் காலடியில் அதனைச் சுட்டிக்காட்டினார்.

“ஐயா, இந்நாட்டுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்தேன். அன்று முதல், இங்கு வரும்போதெல்லாம் இந்தக் கோட்டைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2010 இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளை இத்தரையில் பரப்பினார். அவை மெய்யான விதைகள் அல்ல. சிங்டேழன் என்னும் ஊரின் கைவினைஞர்கள் பீங்கானில் ஒவ்வொன்றாகச் செய்து, கையால் வண்ணம் தீட்டியவை. மக்கள் அவற்றின்மேல் நடக்கலாம் என்பதே முதல் எண்ணம். நடந்தபோது பீங்கான் தூசி எழுந்தது. அது நுரையீரலுக்குக் கேடு என்று அஞ்சிச் சில நாட்களில் தடை செய்தனர். காற்றின் தூய்மைக்காக வாதம் நிகழ்ந்த கட்டடத்தில், அறுபது ஆண்டு கழித்து மீண்டும் காற்றைப் பற்றியே கவலை எழுந்தது!

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை கண்கூடு. ஆண்டுக்கு இருபது இலட்சம் பேர் வருவர் என்று எதிர்பார்த்த இடத்தில், முதல் ஆண்டிலேயே ஐம்பது இலட்சம் பேருக்கு மேல் வந்தனர். 2012 இல் பழைய எண்ணெய்த் தொட்டிகளும் அரங்குகளாயின. 2016 இல் தென்புறத்தில் பத்து மாடி உயரமுள்ள புதிய கட்டடமும் சேர்ந்தது. ஒதுக்கப்பட்டவை வந்து சேர்ந்த தென்கரையை நாடி இன்று உலகமே வருகின்றது.

ஆயினும், வரலாற்று மாணவர் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கலைக்கூடம் வந்ததும் அண்டை நிலத்தின் மதிப்பு ஏறியது. விலை மிகுந்த கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. புதிய கட்டடத்தின் மேல்மாடத்திலிருந்து பார்வையாளர்கள் தம் வீட்டிற்குள் நோக்குகிறார்கள் என்று மாளிகைவாசிகள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2023 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. முன்பு இக்கட்டடத்தின் புகை அண்டையாருக்குத் தொல்லை. பின்பு இதன் பார்வை தொல்லை. கூலி வேலை செய்து வாழ்ந்த மக்களின் கரையில் இன்று யாரால் வீடு வாங்க இயலும் என்னும் கேள்வியும் எஞ்சி நிற்கின்றது.

இன்னொன்றும் உண்டு. செங்கல் எத்தனை என்று எண்ணி வைத்திருக்கிறோம். அவற்றை அடுக்கியவர் யார் என்று எழுதி வைக்கவில்லை. வரைந்தவர் பெயர் நிற்கின்றது. கொதிகலன் முன் வெந்தவர் பெயர் நிற்கவில்லை. இது ஒரு நாட்டின் குறை அன்று. உலகெங்கும் வரலாறு எழுதுவோரிடம் காணும் பொதுக்குறை. பழைய ஆலையைக் கழுவித் துடைத்து அழகுபடுத்தும்போது, அங்கு உழைத்தவரின் நினைவும் புகைக்கரியோடு சேர்ந்து கழுவப்பட்டுவிடலாம். அவ்வாறாயின் சுவரைக் காத்தோமேயன்றி வரலாற்றைக் காத்தோம் ஆகோம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, பழைய தொழிற்கட்டடம் எதனைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்கே என்ன செய்தார்கள்? யாருடைய உழைப்பால் செய்தார்கள்? அது ஏன் நின்றது? முதல் வினாவிற்கு அறிவியல் விடை தரும். மூன்றாம் வினாவிற்குப் பொருளியல் விடை தரும். நடுவில் உள்ள வினாவிற்கு ஏடுகளில் எளிதில் விடை கிடைக்காது. அங்கு வேலை செய்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைத் தேடிச் சென்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிவைத்தல் வேண்டும். கட்டடத்தைக் காக்கப் பெரும்பொருள் வேண்டும். அதற்கு அரசும் செல்வரும் முன்வர வேண்டும். இந்தப் பணிக்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். அதனை உங்களுள் ஒவ்வொருவரும் செய்யலாம்.